இமைக்கு ஒரு புள்ளி, பெஞ்சுக்கு ஐந்து

குமாரபாளையத்தில் நான் வேலை பார்க்கும் துணிக் கம்பெனியின் கேமராவில், நான் வேலை நேரத்தில் பதினேழு நாட்கள் தூங்கியதாகப் பதிவாகியிருக்கிறது. அதில் ஒரு நாள் மட்டும் உண்மை. அந்த ஒரு நாளையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நானாகத்தான் ஒப்புக்கொண்டேன்.

மற்ற பதினாறு நாட்களின் குற்றமும் என் மேலிமைகளுடையது. நாற்பது வயதுக்கு மேல் அவை மெல்ல இறங்க ஆரம்பித்தன. ஐம்பதைத் தொட்டபோது, மழைக்குப் பயந்து கடைக்காரர் இறக்கிவிட்ட படுதா மாதிரி பாதிக் கண் வரை வந்து நின்றுவிட்டன. கீழ்ப்பாதி வழியாக எனக்கு எல்லாம் தெரியும். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் உள்ளே ஆள் இருப்பது தெரியாது.

வேறு வேலையாக இருந்தால் பரவாயில்லை. நான் துணி செக்கர். ஏற்றுமதிக்குப் போகும் படுக்கை விரிப்புத் துணியைச் சரிவான கண்ணாடி மேசை மேல் ஓடவிட்டு, அடியில் டியூப்லைட் எரிய, அறுந்த இழை, எண்ணெய்க் கறை, முடிச்சு என்று குறை பார்ப்பது. கண்ணை மட்டும் நம்பி எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அந்தக் கண்தான் மூடியிருப்பதாகக் கேமரா சொன்னது.

முதலாளி கைப்பேசியில் வீடியோவை ஓட்டிக்காட்டினார்.

"ஏப்பா, தூங்கறதுன்னா ஊட்டுலயே தூங்கேன். இங்க வந்து எதுக்கு முக்காலி மேல ஒக்காந்து சிரமப்படறே?"

"தூங்கலீங்க மொதலாளி. என்ற கண்ணே இப்படித்தானுங்க."

"அப்ப ஒரு மணி நேரமா அசையாம ஒக்காந்திருக்கறது ஆரு?"

"துணிதானுங்க ஓடோணும். நான் எதுக்குங்க அசையோணும்?"

பதில் சரியானது. ஆனால் அதைச் சொல்லும்போதும் என் கண் பாதி மூடியிருந்ததால் எடுபடவில்லை.

அதற்குப் பிறகு கேமரா இருக்கும் பக்கம் திரும்பும்போதெல்லாம் நெற்றியைத் தூக்கி, புருவத்தை ஏற்றி, கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் முகம் இறங்க நேரம் பிடித்தது. என் மனைவி சோறு போட்டுக்கொண்டே உற்றுப் பார்த்தாள். "ஏனுங்க, எதையோ திருடிப்போட்டு மாட்டிக்கிட்டவராட்டப் பாக்கறீங்க?"

கண் டாக்டரிடம் போனேன். கண்ணில் ஒன்றும் இல்லை, தோல்தான் அதிகம் என்றார். சேலத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை இருக்கிறது, அங்கே பயிற்சியில் இருக்கும் டாக்டர்கள் பெரிய டாக்டரின் மேற்பார்வையில் இதைச் செய்வார்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். வீட்டில் சொன்னபோது மனைவி கேட்ட ஒரே கேள்வி: "இந்த வயசுல அழகாகி ஆருக்குங்க காட்டப் போறீங்க?"

"கேமராவுக்கு" என்றேன்.

எனக்குக் கிடைத்த பயிற்சி டாக்டர் சேலத்துப் பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தலையை மூடிய துணிக்கு மேல் பச்சைத் தொப்பி, பேச்சில் அவசரமே இல்லை. நான் துணி செக்கர் என்றதும், "எங்க அத்தாவுக்கும் ஜவுளிக்கடைதான்" என்று தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். பிறகு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, ஒளிவுமறைவு இல்லாமல் விஷயத்துக்கு வந்தார்.

"ஐயா, இதுவரைக்கும் நான் பக்கத்துல நின்னு பிடிச்சுக் கொடுத்திருக்கேன், தையல் போட்டிருக்கேன். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் நானே செய்யப்போற முதல் இமை உங்களுதுதான். பெரிய டாக்டர் பக்கத்துலயே இருப்பார். ஆனா கத்தி என் கையில. மூணு மாசம் கழிச்சு உங்ககிட்ட ஒரு ஃபாரம் கொடுப்பாங்க, திருப்தியா இல்லையான்னு. அதைப் பார்த்துத்தான் எனக்கு அடுத்த கேஸ் கொடுக்கறதா, இல்ல பழையபடி பிடிச்சுக்கிட்டு நிக்கறதான்னு பெரிய டாக்டர் முடிவு பண்ணுவார். பயமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. தைரியம் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன்.

"டாக்டரம்மா, புதுசாத் தறி ஓட்டறவங்க துணியிலதானுங்க குறை நெம்பக் கம்மியா இருக்கும். பயந்துக்கிட்டே ஓட்டுவாங்க. பத்து வருசம் ஓட்டினவன் துணியிலதான் ஓட்டை."

"அப்போ சரிங்கய்யா. நானும் பயந்துக்கிட்டேதான் செய்யப் போறேன்."

அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. எனக்குப் போய்விட்டது.

அறுவை சிகிச்சை நாளில் என்னை உட்கார வைத்து இமையில் ஊதாப் பேனாவால் கோடு போட்டார்கள். பிறகு படுக்க வைத்து ஊசி. இமை மரத்துப்போனதே தவிர காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் கேட்டது.

"இன்னும் ஒரு மில்லிமீட்டர் குறைச்சு எடுங்க" என்றது பெரிய டாக்டரின் குரல். "எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது."

"சரிங்க சார்."

"துணியும் அப்படித்தானுங்க" என்றேன் நான், போர்வைக்குள்ளிருந்து.

"பேஷன்ட் பேசக் கூடாது."

கண்ணைத் திற, மூடு என்று பல முறை சொன்னார்கள். திறந்தேன், மூடினேன். அங்கிருந்தவர்களில் பயிற்சி தேவைப்படாத வேலை என்னுடையது ஒன்றுதான்.

முதல் வாரம் இரண்டு கண்ணும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. மனைவி திருப்தியாக இருந்தாள். "பக்கத்து ஊட்டுல ஆரு அடிச்சதுன்னு கேட்டாங்க. நான்தான்னு சொல்லிப்போட்டேன். அப்பறம் தண்ணிக் கொழாய்ல எனக்கு மொதல்ல எடம் உடறாங்க."

வீக்கம் வடிந்த பிறகு வேறு சிக்கல். தோல் புது இடத்துக்குப் பழகும் வரை என் முகத்தில் எப்போதும் ஓர் ஆச்சரியம் நின்றது. அந்த நிலையில் ஒரு துக்க வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. இறந்தவருக்குத் தொண்ணூற்றொன்று. முன்பெல்லாம் எழவு வீடுகளில் எனக்கு நல்ல பெயர். கண்ணைப் பார்த்தாலே எவ்வளவு துக்கம் என்பார்கள். அன்றைக்கு இறந்தவரின் மூத்த மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் மனம் நொந்துதான் கேட்டார்: "தொண்ணூத்தொண்ணு வயசுங்க. இதுல உங்களுக்கு என்னுங்க இத்தனை ஆச்சரியம்?"

மூன்றாவது மாதம் முகம் அடங்கியது. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? தலையை அண்ணாந்து தூக்காமலே பேருந்தின் பெயர்ப்பலகை தெரிந்தது. பவானிப் பாலத்தில் நடக்கும்போது எதிரே வருபவர் யார் என்று இடுப்பிலிருந்து ஊகிக்காமல் முகத்தையே பார்த்து வணக்கம் சொன்னேன். வீட்டில் மின்விசிறி இறக்கைகளின் மேல் அழுக்கு இருப்பதைப் பல வருடங்களுக்குப் பின் பார்த்தேன். அதை வாய்விட்டுச் சொன்னது தவறு, நான்தான் துடைத்தேன். கேமராவில் பார்த்துவிட்டு முதலாளியே மேசைக்கு வந்தார். "ஏப்பா, இப்பத்தான் நீ வேலைக்கே வந்திருக்கே" என்றார்.

இப்படிப்பட்ட மனநிலையில்தான் நான் அந்த ஃபாரத்தை நிரப்பப் போனேன்.

நர்ஸம்மா தாளையும் பேனாவையும் கொடுத்தார். "ஒவ்வொண்ணுக்கும் நேரா நம்பரை வட்டம் போடுங்க. கீழ கையெழுத்துப் போட்டுடுங்க." மேலே நான்கு வரி சின்ன எழுத்தில் இருந்தது. இருபத்தாறு வருடங்களாக நான் எந்தத் தாளிலும் மேலே உள்ள நான்கு வரியைப் படித்ததில்லை. எங்கள் தாள்களில் அந்த இடத்தில் கம்பெனி பெயரும் முகவரியும்தான் இருக்கும். நேராகக் கட்டங்களுக்குப் போனேன்.

இங்கே எங்கள் தொழில் முறையைச் சொல்ல வேண்டும். துணியில் நாங்கள் போடும் புள்ளி, பள்ளிக்கூடத்து மதிப்பெண் அல்ல. குறைக்குத்தான் புள்ளி. குறை மூன்று அங்குலத்துக்குள் இருந்தால் ஒரு புள்ளி. ஆறு அங்குலம் வரை இரண்டு. ஒன்பது வரை மூன்று. அதற்கு மேல் போனால் நான்கு. புள்ளி சேரச் சேரத் துணி கெட்டது. குறைந்தால் கப்பலேறும். இருபத்தாறு வருடங்களாக இதையே செய்துவந்தால் எண் என்றாலே கை அப்படித்தான் போகும்.

நான் அவசரப்படவில்லை. நர்ஸம்மாவிடம் கைக்கண்ணாடி வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனேன். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும், இழை எண்ணுகிற சின்ன லென்ஸை எடுத்து வைத்து, ஒவ்வொரு இமையையும் ஓரம் முதல் ஓரம் வரை பார்த்தேன். தழும்பு: மூன்று அங்குலத்துக்குள். என் இமையில் மூன்று அங்குலத்துக்கு இடமே இல்லை. ஒன்று. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா: ஒன்று. தோற்றம்: ஒன்று. டாக்டர் நடந்துகொண்ட விதத்தில் குறையே இல்லை. ஆனால் தாளில் பூஜ்யம் இல்லை. ஒன்று.

அடுத்து, காத்திருக்கும் இடத்தில் இருக்கை வசதி. அந்த வராந்தாவில் ஓர் இரும்பு பெஞ்ச். ஒரு கால் குட்டை, நடுவில் ஒரு திருகாணி தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. மூன்று மாதத்தில் என் வேட்டிகள் இரண்டைக் கிழித்திருந்தது. எங்கள் தொழிலில் நான்குக்கு மேல் கிடையாது. இந்தத் தாளில் ஐந்து இருந்தது. அந்த பெஞ்சுக்காக வாழ்க்கையில் முதன்முறையாக ஐந்தைத் தொட்டேன். கேன்டீன் டீக்கும் ஐந்து.

கடைசியில் 'உங்கள் கருத்து' என்று இரண்டு கோடு விட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஆகப்பெரிய பாராட்டை எழுதினேன்: 'ஏற்றுமதிக்கு அனுப்பலாம்.' கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு பெண்ணின் எதிர்காலத்துக்கு நல்லது செய்த நிறைவோடு பஸ் ஏறினேன். சங்ககிரி தாண்டும் வரை புன்னகை இருந்தது.

ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. பயிற்சி டாக்டர்தான். குரல் ரொம்பக் கட்டுப்பாடாக இருந்தது.

"ஐயா, எதாவது குறை இருந்தா என்கிட்டயே சொல்லியிருக்கலாமே. நான் கோவப்பட்டிருக்க மாட்டேன்."

"குறையுங்களா? எதுலீங்க?"

"ஆபரேஷனைப் பத்தின எல்லாத்துலயும் ஒண்ணு போட்டிருக்கீங்க. ஒண்ணுன்னா 'கொஞ்சமும் திருப்தி இல்லை'. பெரிய டாக்டர் அடுத்த லிஸ்ட்ல என் பேரை எடுத்துட்டார். 'ஏற்றுமதிக்கு அனுப்பலாம்'னு எழுதினதை, வெளிநாட்டுக்குப் போய்ச் சரிபண்ணிக்கப் போறார்னு எடுத்துக்கிட்டாங்க."

நான் நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்தேன். மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தப் புள்ள உங்க கண்ணைத் தொறந்துட்டுது. தாளுக்கு மேல இருக்கறதைப் படிக்க இன்னொரு ஆபரேசன் பண்ணோணுமாட்ட இருக்குது. எந்திரிங்க, போலாம்."

மறுநாள் காலையில் பெரிய டாக்டரின் அறையில் நாங்கள் நால்வர். அவர் மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில். பயிற்சி டாக்டர் சுவரோரம், கைகளைக் கோத்துக்கொண்டு. நானும் மனைவியும் எதிரே. நான் புள்ளி முறையை விளக்கினேன். மூன்று அங்குலம், ஆறு அங்குலம், எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பயிற்சி டாக்டர் பக்கம் திரும்பினார்.

"நேத்து இவருக்குப் போன் பண்ணினீங்களா?"

"ஆமா சார்."

"பண்ணினதுக்கப்புறம் வந்து மாத்திச் சொல்றார். இதை நான் எப்படி எடுத்துக்கறது? உங்களைச் சந்தேகப்படலை. ஆனா டாக்டர் கேட்டுக்கிட்டதும் பேஷன்ட் மாத்தினார்னா, அப்புறம் இந்த ஃபாரம் எதுக்கு?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் சிக்கல்.

"அதோட ஐயா," என்று அவர் என்னிடம் தாளைத் திருப்பிக் காட்டினார். "நீங்க எல்லாத்துக்கும் ஒண்ணு போடலை. பெஞ்சுக்கு அஞ்சு, டீக்கு அஞ்சு. அப்போ பார்த்துப் பிரிச்சுத்தான் போட்டிருக்கீங்க. பெஞ்சு திருப்தி, ஆபரேஷன் திருப்தி இல்லை. தெளிவா இருக்கே."

மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க டாக்டரய்யா, அந்தப் பெஞ்சுல நீங்க என்னிக்காச்சும் ஒக்காந்திருக்கீங்களாங்க?"

அவர் யோசித்தார். அந்த வராந்தாவில் தினமும் நடக்கிறவர். உட்கார வேண்டிய அவசியம் வந்ததில்லை.

"இல்லை."

"ஒருக்கா ஒக்காந்து பாருங்க. பொறவு அஞ்சுன்னா என்னன்னு நீங்களே சொல்லிப்போடுவீங்க."

அவர் நியாயஸ்தர். எழுந்து வெளியே வந்தார். காத்திருந்த நோயாளிகள் எழுந்து நின்று இடம் விட்டார்கள். பெரிய டாக்டர் தங்களோடு உட்கார வருகிறார் என்றால் நோய் பெரிதாகத்தான் இருக்கும் என்று ஒருவர் முகம் வெளுத்தது. அவர் நடுவில் உட்கார்ந்தார். பெஞ்ச் குட்டைக் கால் பக்கம் சாய்ந்தது. அவரும் சாய்ந்தார். நிமிர்ந்து எழுந்தபோது ஒரு சத்தம் கேட்டது.

துணி கிழிந்ததை நான் பார்க்க வேண்டியதில்லை, காதே போதும். மூன்று அங்குலத்துக்கு மேல், ஆறுக்குள்.

"ரெண்டு புள்ளிங்க" என்றேன்.

மனைவி என் காலை மிதித்தாள். பயிற்சி டாக்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பெரிய டாக்டர் யாரையும் பார்க்கவில்லை. கையிலிருந்த ஃபைலைப் பின்பக்கம் வைத்துப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து அறைக்குள் போய் உட்கார்ந்தார்.

"டீ?" என்றார், ஃபாரத்தை மறுபடி கையில் எடுத்து.

"அதுவும் அஞ்சுங்க."

"அதுக்கு அஞ்சு பத்தாது" என்றார். அது அவர் தினமும் குடிப்பது.

ஃபாரத்தை மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. போட்ட வட்டம் போட்டபடியே இருக்கும் என்றார். அடியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டார். வெளியே வந்ததும் பயிற்சி டாக்டர் எனக்குத் தமிழில் சொன்னார்: 'இந்த நோயாளியின் ஒன்று நமது ஐந்துக்குச் சமம். பெஞ்சை வைத்து நேரில் சரிபார்க்கப்பட்டது.' அவர் பெயர் மறுபடி லிஸ்டில் ஏறியது.

படிக்கட்டு வரை வந்தார். "ஐயா, நிஜமாவே ஒண்ணுமே கண்ணுக்குப் படலையா? லென்ஸெல்லாம் வச்சுப் பார்த்தீங்களாம்."

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டது தொழில் கேள்வி.

"வலது கண்ணு ஓரத்துல கடைசித் தையல் ஒரு மயிரிழை இழுத்திருக்குதுங்க. லென்ஸ் வெச்சாத்தான் தெரியும்."

அவர் முகம் மாறவில்லை. "போட்டப்பவே தெரிஞ்சுதுங்கய்யா. பிரிச்சுப் போட்டா இன்னும் கெட்டுப்போகும்னு விட்டுட்டேன். மூணு மாசமா நீங்க வரும்போதெல்லாம் அந்த ஓரத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"அடுத்த இமையில பாத்துப் போட்டுக்கலாம், போ சாமி" என்று சொல்லிவிட்டேன். டாக்டரைச் சாமி என்று கூப்பிடலாமா என்று பஸ்ஸில்தான் யோசித்தேன்.

அடுத்த இமையும் எங்கள் பக்கத்திலிருந்தே கிளம்பியது. முதலாளியின் மச்சானுக்குத் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, போர்வெல் போடுகிறவர். அவருக்கும் என்னைப் போலவே படுதாக் கண். என் கண்ணைப் பார்த்துவிட்டு, அதே டாக்டரம்மாவிடம்தான் செய்துகொள்வேன் என்று நாள் குறித்துவிட்டார். நான்தான் போன் நம்பர் வாங்கிக் கொடுத்தேன்.

அவர் போக வேண்டிய வாரத்தில், ஒரு மதியம், முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கைப்பேசியைக் காட்டினார். முக்காலி மேல் நான். கண் மூடியிருந்தது.

"ஏப்பா, கண்ணு மறுபடியும் எறங்கிப்போச்சாட்ட இருக்குதே? ஆறு மாசம்கூடத் தாங்கலியே. நல்லவேளை பாத்தேன். மச்சானை வேண்டாம்னு சொல்லிப்போடறேன். படிக்கற புள்ளைக கையில குடுத்தா இப்படித்தான்."

நான் வீடியோவைப் பார்த்தேன். முந்தைய நாள் மதியம். வெண்பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு வந்த நாள். பதினாறு நாள் தூங்காமலே திட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது நிஜமாகத் தூங்கியதற்கு அவரே காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். தலையை ஆட்டிவிட்டு வந்தால் போதும். என் வேலைக்கு ஒன்றும் ஆகாது. பெயர் கெடுவது சேலத்தில் ஒரு பெண்ணுக்கு.

"இல்லீங்க மொதலாளி. ஆபரேசன் நல்லாத்தான் இருக்குதுங்க."

"பொறவு இது என்ன?"

"நான்தானுங்க தூங்கிப்போட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெசமாவா?"

"நெசமாத் தூங்கினேனுங்க. இருபது நிமிசம். கண்ணு நல்லா இருக்கறதாலதான் மூடினது மூடினமாதிரி தெரியுதுங்க. நல்லா உத்துப் பாருங்க, வாயும் தொறந்திருக்குது."

அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வாய் திறந்துதான் இருந்தது.

மச்சான் சேலம் போனார். அதற்கு முன்பு பயிற்சி டாக்டர் எனக்குப் போன் செய்து, இந்த முறை ஃபாரத்தின் மேல் நான்கு வரியைப் பெரிய எழுத்தில் அடித்து, தானே வாசித்தும் காட்டப் போவதாகச் சொன்னார். "இவர் என்ன தொழில்ங்கய்யா? இவங்க தொழில்ல எண் எப்படி?"

"ரிக் வண்டிங்க. தோண்டற அடி கூடக்கூடத்தான் அவிங்களுக்குச் சந்தோசம். கவலையே படாதீங்க, அஞ்சு போட்டுப்போட்டு ஆறு எங்கன்னு கேப்பாரு."

நான் இதைச் சொன்னது நின்றுகொண்டுதான். தூங்கியதை ஒப்புக்கொண்ட அன்றைக்கே முக்காலியை எடுத்துவிட்டார்கள்.